மிலிட்டரிக்காரருக்கு நாம் கொடுத்த கூலி

உளுந்தூர்பேட்டை பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவருக்குப் பெயர் கிடையாது. 'மிலிட்டரி' என்றால் போதும், யார் என்று தெரிந்துவிடும். அவருக்கு ஊரில் மரியாதை உண்டு. அந்த மரியாதையில் பாதி அவர் எல்லையில் நின்றதற்கு, மீதி அவர் கையில் இருக்கும் கேண்டீன் கார்டுக்கு. இரண்டாவது பாதிதான் கொஞ்சம் பெரிது என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

நான் சொல்ல வந்த மிலிட்டரிக்காரரின் பெயரை எழுதப் போவதில்லை. பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1966-ல் பத்தொன்பது வயதில் சேர்ந்தார். செகந்திராபாத்தில் இ.எம்.இ. பிரிவில் பயிற்சி. சக்திமான் லாரியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துப் பூட்டுவேன் என்பார். பதினெட்டு வருஷ சர்வீஸ் முடித்து 1984-ல் ஹவில்தாராக ஊர் திரும்பியபோது அவருக்கு வயது முப்பத்தேழு.

கை என்றால் அப்படி ஒரு கை. கிணற்று மோட்டார் நின்றுபோனால் ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரி. "பேரிங் போச்சு" என்பார். பிரித்துப் பார்த்தால் பேரிங்தான் போயிருக்கும். ஆயில் இன்ஜின், மோனோபிளாக், ரேடியோ, தையல் மெஷின், எதுவும் அவரிடம் தப்பாது. கரும்பு வாடுகிற நேரத்தில் விழுப்புரம் போய்க் காயில் கட்டி வர நான்கு நாள் ஆகும். இவர் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிக் கொடுத்துவிடுவார்.

"எவ்வளவு தரணும்?" என்று கேட்டால், "பார்த்துக் குடுங்க" என்பார். ஊர் பார்த்துத்தான் கொடுத்தது. முதலில் பணம் கொடுத்தார்கள். பிறகு பணத்தோடு ஒரு குவார்ட்டர். பிறகு குவார்ட்டர் மட்டும். அறுபது ரூபாய் வேலைக்கு இருபது ரூபாய் பாட்டில் லாபம்தானே? அதற்குப் பெயர் 'மிலிட்டரியைக் கவனிச்சுக்கறது'. அவருடைய கேண்டீன் ரம்மையும் கல்யாண வீட்டுக்கென்று கேட்டு வாங்கினார்கள். வாங்கியவர்கள் அவரையும் உட்கார வைத்து ஒரு கிளாஸ் ஊற்றினார்கள். ஆக, அவர் குடித்ததில் பெரும்பகுதி அவர் காசு போட்டு வாங்கியதே அல்ல.

'பட்டாளத்திலேயே பழகிட்டு வந்துட்டான்' என்று ஊர் சொல்லும். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. படைகளில் மது புதிதல்ல. பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்குத் தினமும் ரம் அளந்து கொடுக்கும் வழக்கத்தை 1970 ஜூலை 31 அன்றுதான் நிறுத்தியது. குளிருக்கு இதமாக இருக்கும் என்பார்கள். உண்மையில் மது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது. சூடேறியது போல் தோன்றும், உடம்பின் உள்சூடோ வெளியே போய்க்கொண்டிருக்கும்.

ஆனால் பட்டாளத்தில் குடிக்கு ஓர் அளவும் நேரமும் இருந்தது. காலையில் பி.டி., பிறகு பரேடு, வொர்க்‌ஷாப், ரோல் கால். முப்பத்தேழு வயதில் அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோகிறது. கையில் பென்ஷன், முன்னால் முப்பது வருஷம், எழுப்பிவிட பிகிள் கிடையாது. நாம் ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றே முதல் ஆறு மாதம் திணறினோம். வாலிப வயதில் ஓய்வு பெற்றவனை யோசித்துப் பாருங்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1945 பிப்ரவரி 23 அன்று இவோ ஜிமா தீவில் ஆறு அமெரிக்க வீரர்கள் கொடி நாட்டும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அவர்களில் ஒருவர் ஐரா ஹேய்ஸ், அரிசோனாவின் பீமா பழங்குடி இளைஞர். ஆறு பேரில் மூன்று பேர் அந்தத் தீவிலேயே இறந்துபோனார்கள். உயிரோடு இருந்தவரை நாடு மேடை மேடையாக அழைத்துப் போனது. போகிற இடமெல்லாம் விருந்து, கையில் ஒரு கிளாஸ். அவர் எப்படிப்பட்ட மனிதர் தெரியுமா? படத்தில் இருக்கும் இறந்துபோன தோழனின் பெயரை அதிகாரிகள் மாற்றி அறிவித்துவிட்டார்கள் என்று தெரிந்தும் சும்மா இருக்க மனம் வராமல், 1946-ல் அரிசோனாவில் இருந்து டெக்சாஸ் வரை நடந்தும் வழியில் வண்டிகளை நிறுத்தி ஏறியும் போய், அந்தப் பையனின் தகப்பனாரிடம் உண்மையைச் சொல்லி வந்தவர். அதே மனிதரைக் குடித்துக் கிடந்ததற்காகப் போலீஸ் பல முறை பிடித்தது. அந்தக் கொடிக் காட்சிக்கு 1954 நவம்பரில் வெண்கல நினைவுச் சின்னம் திறந்தார்கள். 1955 ஜனவரி 24 அன்று குளிரில் விறைத்து, குடிபோதையில் ஐரா ஹேய்ஸ் செத்துக் கிடந்தார். வயது முப்பத்திரண்டு. சிலை வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஆளைக் காப்பாற்றத் தெரியவில்லை.

இன்னொரு பட்டாளத்துக்காரர் பில் வில்சன். முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரி. முதல் கிளாஸைக் கையில் எடுத்ததே அந்த உடுப்பில் இருந்தபோதுதான். பங்குச் சந்தையில் கெட்டிக்காரர், குடியால் எல்லாம் போயிற்று. 1934 கடைசியில் குடியை விட்டார். அடுத்த ஆண்டு ஜூனில், தம்மைப் போலவே குடியில் சிக்கிய ஒரு டாக்டரோடு சேர்ந்து ஆரம்பித்ததுதான் இன்று சென்னையிலும் நடக்கும் ஏ.ஏ. கூட்டம். அதன் சூத்திரம் ரொம்ப எளிது. குடியில் விழுந்து எழுந்த ஒருவர், விழுந்து கிடக்கும் இன்னொருவரிடம் சமமாக உட்கார்ந்து பேச வேண்டும்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் குடிக்குக் கணவரைப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தில் இருந்துதான் 1980-ல் குடிநோய் சிகிச்சைக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. குடிப்பழக்கம் ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்பதை நம் ஆட்களுக்குப் புரியவைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

"நோயாவது ஒண்ணாவது! ஐயப்பனுக்கு மாலை போட்டா நாப்பத்தெட்டு நாள் விட முடியுதில்ல? அப்ப திமிருதானே?" என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. நம் மிலிட்டரிக்காரரும் இரண்டு வருஷம் மாலை போட்டார். முதல் வருஷம் மூன்றாம் நாள் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, இல்லாத ஆட்களோடு பேசினார். சாமி வந்துவிட்டது என்று விபூதி பூசினார்கள். அது சாமி இல்லை. நீண்ட நாள் மிதமிஞ்சிக் குடித்த உடம்பில் குடி சட்டென்று நின்றால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் சித்தப் பிரமையும் வரலாம், உயிரே போகலாம். அவர் தப்பியது அதிர்ஷ்டம்.

அதைத் தாண்டிய பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை, அதுவும் உண்மை. எப்படி முடிந்தது? விடியற்காலையில் குளியல், இரண்டு வேளை பூஜை, கூடவே பத்துச் சாமிகள். ஊரே 'சாமி, சாமி' என்றது. ஒருவரும் பாட்டிலை நீட்டவில்லை, மோட்டார் வேலைக்குப் பணம் கொடுத்தார்கள். பட்டாளத்தில் இருந்த ஒழுங்கும் தோழமையும் மரியாதையும் அவருக்குத் திரும்பக் கிடைத்தன. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினார். மறுநாள் சாயங்காலம் முதல் குவார்ட்டர் வந்தது. கொண்டுவந்தவர் மோட்டார் சரிசெய்து கொண்டவர்.

1999-ல் கல்லீரல் கெட்டு ஐம்பத்திரண்டு வயதில் இறந்தார். துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி சொன்னது எனக்கு இன்றும் மறக்கவில்லை. "அவரு குடிச்சதக்கூட நான் தாங்கிக்கிட்டேங்க. வாங்கிக் குடுத்தவங்கள்லாம் ஆளுக்கொரு மாலை வாங்கிட்டு வந்தாங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல."

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60 பேருக்கும் மேல் பலியானார்கள். அதே வருஷம் அக்டோபர் 2 அன்று நம் உளுந்தூர்பேட்டையிலேயே மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடந்தது. மதுவிலக்கு வேண்டுமா, நடக்குமா என்று திண்ணையில் இன்னும் வாதம் ஓடுகிறது. 1948-ல் மாகாணம் முழுக்க வந்ததையும் 1971-ல் தளர்ந்ததையும் 2003-ல் சில்லறைக் கடையை அரசே எடுத்ததையும் பார்த்த ஊர் இது. மிலிட்டரிக்காரர் குடித்தது கள்ளச் சாராயம் அல்ல. சீல் உடையாத, சட்டப்படி விற்ற பாட்டில். அரசு கடை திறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். எந்தச் சட்டம் இருந்தாலும், கூலிக்குப் பதில் பாட்டில் கொடுக்கும் வழக்கம் நம் கையில்தான் இருக்கிறது. அதை நிறுத்த ஜி.ஓ. தேவையில்லை.

கூவாகத்தில் களப்பலி ஆன அரவானுக்கு வருஷா வருஷம் ஒப்பாரி வைக்கிற மண் இது. களத்தில் சாகாமல் திரும்பி வந்தவனையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மெக்கானிக், கொத்தனார், மரம் ஏறுபவர் யாராக இருந்தாலும் கூலியைப் பணமாகக் கொடுங்கள். முன்னாள் படைவீரரிடம் கேண்டீன் சரக்கு கேட்காதீர்கள். பல வருஷம் குடித்தவரை வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். படைவீரர்களுக்கு 2003-ல் வந்த இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416 என்ற எண்கள் உண்டு.

வருகிற கார்த்திகையிலும் நம் தெருவில் யாராவது குடியை விட்டு மாலை போடுவார்கள். தை பிறந்து மாலையைக் கழற்றிய பிறகும் அவரைச் 'சாமி' என்றே கூப்பிட்டுப் பாருங்கள்.