கூட்டம் ஆளைத் தேடிப் போகட்டும்



மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. பட்டினமும் கந்தோர்களும் எழுவான்கரைப் பக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் ‘பாதை’ ஏறித்தான் சனம் வாவியைக் கடந்தது. பட்டினத்தில் மட்டும் கூட்டம் வைத்தால் ஒரு கரையின் குரல்தான் கேட்கும்.

2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் தொடர்பான கலந்தாலோசனைச் செயலணி, மட்டக்களப்பு உட்பட நாடெங்கும் மக்களிடம் கருத்துக் கேட்டது. பொதுக்கூட்டத்தோடு நிற்காமல் சிறு குழுக்களாகவும் இருந்து கேட்டது. 7,306 கருத்துகள் சேர்ந்தன. 2017 ஜனவரியில் அறிக்கை கையளிக்கப்பட்டது. பரிந்துரைகளில் பெரும்பாலானவை ஏட்டோடு நின்றுவிட்டன.

இதில் நமக்கும் பாடம் உண்டு. நாள் முழுதும் கொழுந்தெடுத்துக் களைத்த மேல்கணக்குப் பெண்களைக் கீழ்கணக்குக்கு அழைப்பதைவிட, தோட்டக் கமிட்டி அவர்கள் லயத்துக்குப் போகவேண்டும். தலைவர் கடைசியில் பேசட்டும். சொன்னதைக் கொப்பியில் எழுதி, அங்கேயே வாசித்துக் காட்டவேண்டும். போனமுறை கேட்டதற்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லித்தான் அடுத்த கூட்டத்தைத் தொடங்கவேண்டும். நடக்காவிட்டால் காரணத்தையாவது சொல்லவேண்டும். சந்தா கட்டும் தொழிலாளிக்கு அந்தப் பதிலைக் கேட்கும் உரிமை இருக்கிறது.