ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே

குழந்தை தூங்கியதும், கையடக்கப் பாட்டுப் பெட்டியின் குழலைக் காதில் செருகிக்கொண்டேன். அது சிணுங்கினால் கேட்க வேண்டுமே என்று சத்தத்தை 1-இல் வைத்தேன். நாதஸ்வரக்காரர் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார்! 0-வில் வைத்தாலோ ஒரே மௌனம். ஆனால் 14-க்கும் 15-க்கும் வித்தியாசமே தெரியவில்லை.

காதின் கணக்கு வேறு, பாருங்கள். ஓசையின் சக்தி பத்து மடங்கானால்தான் நமக்குச் சுமார் இரண்டு மடங்காகக் கேட்கும். பெட்டியைச் செய்தவர் மின்அழுத்தத்தைப் பதினைந்து சம பங்காகக் கூறு போட்டுவிட்டார் போலிருக்கிறது. படிக்கு இத்தனை டெசிபல் என்றல்லவா பிரித்திருக்க வேண்டும்? பழைய ரேடியோத் திருகுகள் பலவற்றில், உள்ளேயிருக்கும் கரிப்பட்டையையே காதுக்குத் தக்கபடி அமைத்திருந்தார்கள்.

என் தம்பி பஸ் இரைச்சலுக்குப் போட்டியாக 15-க்கே ஏற்றிவிடுகிறான். உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் வெளியிட்ட அளவுப்படி, பெரியவர்கள் 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். வெறும் '15' அவனுக்கு இதைச் சொல்லுமா? பக்கத்திலேயே, 'இந்த வாரம் இன்னும் இத்தனை மணி' என்று காட்டினால் என்னவாம்?

இப்போதைக்கு நான் 1-இல் வைத்து, குழலைத் தலையணைமேல் போட்டுக் கேட்கிறேன்.