தரவு மையங்களுக்குப் பொதுப்பணம் போகிறது; சமூகநீதி ஏன் போகவில்லை?

2002 பிப்ரவரியில் விதேஷ் சஞ்சார் நிகாம் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் 25 விழுக்காட்டுப் பங்குகளும் நிர்வாக உரிமையும் டாடா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 1995 ஆகஸ்டில் இந்தியப் பொதுமக்களுக்கு முதன்முதலாக இணைய இணைப்பு வழங்கிய நிறுவனம் அது. பின்னர் டாடா கம்யூனிகேஷன்ஸ் என்று பெயர் மாறிய அந்நிறுவனம், 2016இல் தன் இந்தியத் தரவு மைய வணிகத்தின் 74 விழுக்காட்டைச் சிங்கப்பூரின் எஸ்.டி. டெலிமீடியா நிறுவனத்துக்கு விற்றது. பதினான்கு ஆண்டுகளில் ஒரு பொதுச்சொத்து மூன்று கைகளைக் கண்டது.

இந்தக் கைமாற்றத்தைப் பொருளாதார ஏடுகள் பங்கு விலையை வைத்துப் பேசின. நாம் வேறொரு கணக்கை வைத்துப் பேச வேண்டியுள்ளது. பொதுத்துறையில் இருந்தவரை அந்நிறுவனத்தின் பணியமர்த்தலில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு பொருந்தியது. இனச்சுழற்சிப் பதிவேடு இருந்தது. அது மீறப்பட்டால் தேசிய ஆணையத்திடம் முறையிடலாம். உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோரலாம். நிர்வாகம் கைமாறியபின் இந்தக் கடமை தொடரவில்லை. இதற்காக எந்தச் சட்டமும் திருத்தப்படவில்லை. அரசமைப்பின் 16(4) ஆவது உறுப்பு சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்தது. அது பொருந்தும் இடம்தான் இல்லாமல் போயிற்று.

இருபது ஆண்டுகளுக்கு முந்திய இந்த நிகழ்வை இப்போது நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அதே மாற்றம் இன்று பன்மடங்கு பெரிய அளவில், விற்பனை என்ற பெயரே இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேகக் கணிமை என்று பெயர்.

சர்வர் அறையிலிருந்து மெகாவாட் வளாகத்துக்கு

முன்பு ஒவ்வொரு வங்கியும் பல்கலைக்கழகமும் அரசு அலுவலகமும் தனக்கென ஒரு சர்வர் அறை வைத்திருந்தன. கணினிகளை வாங்குவது, அறையைக் குளிரூட்டுவது, மின்தடை வந்தால் சமாளிப்பது, இரவுக் காவலுக்கு ஆள் வைப்பது எல்லாம் அந்தந்த நிறுவனத்தின் வேலை. அடுத்த கட்டத்தில், இன்னொருவர் கட்டிய தரவு மையத்தில் வாடகைக்கு இடம் பிடித்துத் தம் கணினியை அங்கே வைக்கும் வழக்கம் வந்தது. 2006இல் அமேசான் இதையும் கடந்தது. கணினியே வேண்டாம், கணிக்கும் திறனையும் சேமிப்பிடத்தையும் மணிக்கணக்கில், பயன்படுத்திய அளவுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றது. மைக்ரோசாஃப்டும் கூகுளும் பின்தொடர்ந்தன.

இதனால் தரவு மைய வணிகத்தின் அடிப்படையே மாறியது. நூறு சிறு வாடிக்கையாளர்கள் ஆளுக்கொரு மூலை பிடித்திருந்த கட்டடத்தை இன்று ஒரே மேக நிறுவனம் முழுமையாகக் குத்தகைக்கு எடுக்கிறது. சதுர அடியில் அளக்கப்பட்ட வணிகம் மெகாவாட்டில் அளக்கப்படுகிறது. இந்த அளவில் தொழில் நடத்தத் தேவையானவை மூன்று: பெரும் நிலம், தடையற்ற மின்சாரம், பல ஆண்டுகள் காத்திருக்கக்கூடிய மூலதனம். எனவே இத்துறைக்குள் இப்போது நுழைவோரும் இம்மூன்றையும் ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்களே. அதானி குழுமம் 2021இல் அமெரிக்காவின் எட்ஜ்கனெக்ஸ் நிறுவனத்துடன் கைகோத்தது. கட்டுமானத் தொழிலில் வளர்ந்த ஹிராநந்தானி குழுமம் யோட்டாவைத் தொடங்கியது. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியல்டி மூன்றும் இணைந்து அம்பத்தூரில் வளாகம் அமைத்துள்ளன.

இந்த வரைபடத்தில் சென்னைக்கு முக்கிய இடம் உண்டு. சிங்கப்பூரிலிருந்து வரும் கடலடி வடங்கள் இங்கே கரையேறுகின்றன. மைக்ரோசாஃப்ட் 2015இல் இந்தியாவில் தொடங்கிய மூன்று மேக மையங்களில் ஒன்று சென்னையில் உள்ளது. பணப் பரிவர்த்தனைத் தரவுகளை இந்தியாவுக்குள்ளேயே சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, உள்நாட்டுத் தரவு மையங்களின் தேவையைக் கூட்டியது. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் வளாகங்கள் எழுந்தன. 2025 அக்டோபரில் கூகுள், ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் விசாகப்பட்டினத்தில் தரவு மையம் அமைப்பதாக அறிவித்தபின், மாநிலங்களுக்கிடையே சலுகைப் போட்டி மேலும் சூடுபிடித்திருக்கிறது.

அரசின் கணினியும் இடம் மாறுகிறது

தனியார் தம் கணினிகளை எங்கே வைத்தாலும் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. அரசும் அதே வழியில் செல்கிறது. 1976இல் தொடங்கப்பட்ட தேசியத் தகவலியல் மையம்தான் நெடுங்காலம் அரசின் கணினிப் பணிகளைக் கவனித்து வந்தது. 2008இல் மாநிலத் தரவு மையங்களுக்கான திட்டம் வந்தது. 2014இல் மேகராஜ் என்ற பெயரில் அரசு மேகம் தொடங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, தனியார் மேக நிறுவனங்களைப் பட்டியலிட்டு, அரசுத் துறைகள் அவர்களிடம் சேவை வாங்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. கோடிக்கணக்கானோர் தடுப்பூசிக்குப் பதிவுசெய்த கோவின் தளம் அமேசானின் மேகத்தில் இயங்கியது.

இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, பணியிடங்கள். அரசு தானே ஒரு தரவு மையத்தை நடத்தும்போது அதில் பொறியாளர், தொழில்நுட்பர், உதவியாளர் பணியிடங்கள் உருவாகின்றன. அவற்றில் இடஒதுக்கீடு உண்டு. அதே பணியை அரசு மாத வாடகைக்கு வாங்கும்போது பணியிடம் என்பதே இல்லை, கட்டணச் சீட்டு மட்டுமே உண்டு. அரசுத் தரவு மையங்களிலும் ஒப்பந்த முறை ஏற்கெனவே புகுந்திருந்தது உண்மை. ஆனால் அங்கே முதன்மை வேலையளிப்பவர் அரசு. அதை நீதிமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க முடிந்தது.

இரண்டாவது, கொள்முதல். மைய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணைப்படி, மைய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும். பத்து அலுவலகங்கள் பத்து சர்வர் அறைகளை வைத்திருந்தால், கேபிள் பதிப்பவர், குளிர்சாதனம் பழுது பார்ப்பவர், பேட்டரி விற்பவர், கணினி வழங்குபவர் எனச் சிறு முதலாளிகள் பலருக்கு அங்கே இடம் இருக்கும். பத்தும் சேர்ந்து ஒரே மேக நிறுவனத்துக்குப் பணம் கட்டும்போது, அந்த ஒப்பந்தத்தில் போட்டியிட நம் சிறுதொழில் முனைவோர் யாராலும் இயலாது. சிறு மூலதனத்தில் மென்பொருள் தொழில் தொடங்கும் தலித் இளைஞருக்கு மேகக் கணிமை உதவுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. அவர் அங்கே வாடகை செலுத்துபவராக இருக்கலாம். அரசின் பணத்தில் பங்கு பெறுபவராக இருக்க வழி குறுகிவிட்டது.

சலுகைக்கு ஈடாக என்ன?

2022 பிப்ரவரி வரவுசெலவுத் திட்ட உரையில் தரவு மையங்களுக்கு உள்கட்டமைப்புத் தகுதி அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், 5 மெகாவாட்டுக்குக் குறையாத மையங்களுக்கு அது பொருந்தும் என்று வரையறுக்கப்பட்டது. குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் பெற இது வழி செய்கிறது. ஐந்து மெகாவாட் என்ற வரம்பைச் சிறு நிறுவனங்கள் எட்டமாட்டா. தமிழ்நாடு அரசு 2021இல் தரவு மையக் கொள்கையை வெளியிட்டு, மின்வரியிலும் முத்திரைத்தாள் கட்டணத்திலும் சலுகைகள் அறிவித்தது.

மின்சாரத்தின் அளவை விளங்கிக்கொள்ள எளிய கணக்கு ஒன்றைப் போடலாம். 100 மெகாவாட் வளாகம் முழுத் திறனில் இயங்கினால் ஒரு நாளில் 24 லட்சம் யூனிட் செலவாகும். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். அதன்படி, அந்த ஒற்றை வளாகம் இரண்டு மாதங்களில் செலவிடுவது 14 லட்சத்து 40 ஆயிரம் வீடுகளுக்கான இலவச மின்சாரத்துக்குச் சமம். ஏழைகளின் இலவச மின்சாரத்தை வீண்செலவு என்று சாடுவோர், வளாகங்களுக்கு விட்டுக்கொடுக்கப்படும் வரியை வளர்ச்சி என்கிறார்கள்.

மின்சாரமும் நீரும் யார் கையில் இருக்கின்றன என்ற கேள்வி நம் இயக்கத்துக்குப் புதியதல்ல. 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மின்சாரமும் நீர்ப்பாசனமும் அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில் இருந்தன. 1947இல் அவர் அளித்த ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ ஆவணம், அடிப்படைத் தொழில்கள் அரசுடைமையாக இருக்க வேண்டும் என்று கோரியது. தரவைச் சேமிப்பதும் கணிப்பதும் இன்றைய அடிப்படைத் தொழில்கள் என்பதை, உள்கட்டமைப்புத் தகுதி கொடுத்ததன் மூலம் அரசே ஒப்புக்கொண்டுவிட்டது.

கட்டடத்துக்குள் யார் எங்கே நிற்கிறார்கள்?

சிறுசேரிக்குச் செல்லும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டித்தான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மறுகுடியமர்வுப் பகுதிகள் உள்ளன. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் நகரின் மையப் பகுதிகளிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தலித் மக்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். இச்சாலையின் கண்ணாடிக் கட்டடங்களைக் கூட்டித் துடைப்பவர்கள், வாயிலில் காவல் நிற்பவர்கள், தோட்டம் பராமரிப்பவர்களில் கணிசமானோர் இவர்களே.

தரவு மையத்தில் மொத்த வேலைவாய்ப்பே குறைவு. ஓர் ஆடை ஆலையின் எண்ணிக்கை அங்கே கிடையாது. அந்தக் குறைந்த எண்ணிக்கையும் இரண்டாகப் பிளக்கப்படுகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்கிறது, விதிவிலக்குகளும் தருகிறது. எவை மையப் பணி ஆகா என்ற பட்டியலையும் அதுவே தருகிறது: துப்புரவு, காவல், உணவகம், சுமை ஏற்றி இறக்குதல், தோட்டவேலை, சலவை. சாதியமைப்பு தலைமுறை தலைமுறையாக யார் தலையில் கட்டிய வேலைகள் இவை என்று நாம் விளக்கத் தேவையில்லை. பட்டியலில் சாதியின் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சாதி அதில் இருக்கிறது.

ஒப்பந்தத் தொழிலாளர் வழக்குகளில் நாங்கள் எதிர்கொள்ளும் முதல் தடை, வேலையளிப்பவர் யார் என்று நிறுவுவது. தரவு மையத்தில் இந்தத் தடை இன்னும் உயரமானது. கணினிகள் மேக நிறுவனத்துக்குச் சொந்தம்; கட்டடம் இன்னொருவருடையது; பராமரிப்பு மூன்றாவது நிறுவனத்திடம்; ஆள் அனுப்புபவர் நான்காமவர். தொழிலாளியின் அடையாள அட்டையில் இருப்பது அந்த நான்காமவரின் பெயர் மட்டுமே. ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்ட வேலையிலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிடமாட்டார்கள் என்று 2001இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. இதற்கு மேல், தரவு மையங்களை 1968ஆம் ஆண்டு இன்றியமையாப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவர வேண்டும் என்றது மைய அரசின் 2020ஆம் ஆண்டு வரைவுக் கொள்கை. அச்சட்டத்தின்படி வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யலாம். பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். நிரந்தர வேலை கேட்கும்போது துப்புரவு மையப் பணி ஆகாது. வேலைநிறுத்தம் செய்தால் மட்டும் அது இன்றியமையாப் பணி ஆகிவிடும்.

நாம் கேட்க வேண்டியவை

தனியார் துறையில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு வழங்கும் சட்டம் இல்லை. எனவே எதுவும் செய்ய இயலாது என்பது வழக்கமான பதில். அது முழு உண்மையன்று. தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் இடஒதுக்கீட்டை விரித்த 15(5) ஆவது உறுப்பை 2014இல் உச்சநீதிமன்ற அரசமைப்பு அமர்வு செல்லும் என்றது. தனியார் என்ற சொல்லே ஒரு சுவர் அல்ல என்பதற்கு அது சான்று. தனியார் வேலைகளில் 75 விழுக்காட்டை உள்ளூர்வாசிகளுக்கு ஒதுக்கிய அரியானா சட்டம் 2023இல் உயர்நீதிமன்றத்தால் நீக்கப்பட்டதைக் காட்டி நம்மை மறுப்பார்கள். அது தனியார் வேலைகள்மீது வசிப்பிடத்தை வைத்து விதிக்கப்பட்ட கட்டாயம். அரசு தன் நிலத்தையும் வரியையும் விட்டுக்கொடுக்கும்போது, 46ஆவது உறுப்பின் வழிநின்று அந்தச் சலுகையோடு நிபந்தனை இணைப்பது வேறு.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. மின்வரிச் சலுகையும் முத்திரைக் கட்டணச் சலுகையும் பெறும் தரவு மையங்கள், தொழில்நுட்பப் பணிகள் உட்பட எல்லா நிலைகளிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பங்களிக்க வேண்டும் என்பது ஒதுக்கீட்டு ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். அரசுக்கு மேகச் சேவை விற்கும் நிறுவனங்களின் துணை ஒப்பந்தங்களுக்கும் 4 விழுக்காட்டு விதி நீட்டிக்கப்பட வேண்டும். துப்புரவு, காவல் பணியாளர்களின் ஊதியத்துக்குக் கட்டட உரிமையாளரும் மேக நிறுவனமும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும். ஒவ்வொரு வளாகமும் ஆண்டுதோறும் செலவிடும் மின்சாரம், நீர், பணியாளர்களின் சமூகவாரிக் கணக்கு ஆகியவற்றை அரசு வெளியிட வேண்டும்.

கடைசியாக, நிலம். சிறுசேரி அமைந்திருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில். 1891இல் அம்மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமன்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்தே 1892இல் பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடி ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்ததும் இதே மாவட்டத்தில்தான். தரவு மையங்கள் பஞ்சமி நிலத்தில் நிற்கின்றன என்று நாம் குற்றம் சாட்டவில்லை. புதிய வளாகத்துக்கு நிலம் ஒதுக்கும் ஒவ்வொரு முறையும், பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டு அந்நிலத்தின் வகைப்பாட்டை வெளியிட வேண்டும் என்கிறோம்.

மேக நிறுவனங்கள் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வருவதில்லை. நிலம் ஒதுக்கும் சிப்காட் வரும், வருவாய்த்துறை வரும், மின்வாரியம் வரும். ஒரு மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். எந்த வளாகத்துக்கு எவ்வளவு நிலம், என்ன விலைக்கு, எந்த நிபந்தனையில் கொடுத்தீர்கள், அந்த நிலம் முன்பு யாருடையது என்ற நான்கு கேள்விகளோடு நாம் தொடங்கலாம்.