முப்பது மீட்டருக்குக் கீழே

கிளமெண்டியில் தரைவீடு வைத்திருக்கும் ஒருவருக்கு அவருடைய நிலத்தில் எவ்வளவு ஆழம் சொந்தம்? மாமரம் நடக் குழி தோண்டலாம். அனுமதி பெற்று நிலவறையும் கட்டலாம். அதற்கும் கீழே?

2015ஆம் ஆண்டு திருத்தப்பட்ட அரசு நிலச் சட்டம் இதற்கு விடை தருகிறது. உரிமைப் பத்திரத்தில் வேறு ஆழம் குறிப்பிடப்படாவிட்டால், சிங்கப்பூர் நில அளவையின் அடிமட்டத்திலிருந்து 30 மீட்டர் ஆழம்வரை உரிமையாளருக்குச் சொந்தம். அதற்குக் கீழே உள்ளது அரசாங்கத்துக்கு உரியது. அந்த அடிமட்டம் கடல்மட்டத்தை ஒட்டியது என்பதால், மேட்டில் குடியிருப்பவருக்குச் சற்றுக் கூடுதல் ஆழம் கிடைக்கிறது!

இடம் போதாத தீவுக்கு இப்படி ஒரு கோடு தேவைதான். 2014இல் திறக்கப்பட்ட ஜூரோங் பாறைக் குகைகளில் 1.47 மில்லியன் கனமீட்டர் எண்ணெய் சேமிக்கலாம். அதனால் தரையில் ஏறத்தாழ 60 ஹெக்டர் நிலம் மிச்சமானது. குறுக்குத் தீவு ரயில் பாதையும் நிலத்தடி வழியாகக் கிளமெண்டிக்கு வரவிருக்கிறது. பாதாளம்வரை தமக்கே சொந்தம் என்று ஒவ்வொருவரும் வாதிட்டால் இத்தகைய திட்டங்கள் நகரா.

ஆனால், சட்டம் போட்ட கோடு மண்ணுக்குத் தெரியாது. ஆழத்தில் தோண்டும்போது மேலே மண் இறங்கலாம். சுவர் விரிசல் விடலாம். கீழே உள்ளது தனக்குரியது என்று சொல்லும் அரசாங்கம், அங்கிருந்து மேலே வரும் பாதிப்பும் தன் பொறுப்பே என்று சொல்வதுதான் நியாயம். விரிசல் விட்ட வீட்டுக்காரர் அதை மெய்ப்பிக்க அலைய நேரக்கூடாது.

கரியமில வாயுவை நிலத்தடியில் சேமிக்கும் திட்டங்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. வாயுவை அழுத்தி, பெரும்பாலும் 800 மீட்டருக்கும் ஆழத்தில், நுண்துளைகள் நிறைந்த பாறைக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே போன வாயு வேலிகளைப் பார்த்து நிற்பதில்லை, பக்கவாட்டில் பரவும். நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், பாறைத் துளைகளுக்கான இழப்பீட்டு உரிமையைக் குறைத்த ஒரு சட்டத்தின் முக்கியப் பகுதிகள் செல்லாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலம் வேறு வழியில் சென்றது. 2010இல் அத்துளைகளை அரசுடைமை ஆக்கியதோடு, சேமிப்பிடம் முறைப்படி மூடப்பட்டபின் நீண்டகாலப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. உரிமையும் கடமையும் ஒரே கையில் இருப்பதால், ஆல்பர்ட்டாவின் வழியே மேலானது.

சிங்கப்பூரில் இதற்கேற்ற பாறை அமைப்பு இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே, வாயுவை வெளிநாட்டுக்கு அனுப்புவது பற்றி 2024 பிப்ரவரியில் இந்தோனேசியாவுடன் விருப்பக் கடிதம் கையெழுத்தானது. அங்கேயும் அந்த ஆழத்துக்கு மேலே வயல், வீடு, மீன்பிடி கடல் என ஏதேனும் ஒன்று இருக்கும். அனுப்பும் அளவும் கொடுக்கும் விலையும் மட்டும் ஒப்பந்தத்தில் இருந்தால் போதாது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வாயு கசிந்தால், மேலே வாழ்பவர் யாரிடம் போய் முறையிடுவது என்பதும் அதில் எழுதப்பட வேண்டும்.