விஷயத்துக்கு வருவோம்

திருச்சி காந்தி மார்க்கெட்டை ஒரு முறை சுற்றி வந்தவர்களுக்குத் தெரியும்: அங்கே சத்தத்துக்குக் குறைவில்லை, ஆனால் குழப்பம் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. வாழை இலைக்கு ஓர் இடம், பூவுக்கு ஓர் இடம். கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டால் கடைக்காரர் கத்தரிக்காயின் விலையைத்தான் சொல்லுகிறார். தம் மைத்துனர் கலியாணத்தைப் பற்றி ஆரம்பிப்பதில்லை. ஆரம்பித்தால் பின்னால் கூடையுடன் நிற்கும் அம்மாள் சும்மா விடமாட்டாள்.

இந்த ஒழுங்கு, அதே மார்க்கெட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மாடி அறையில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடும் நமது தபால்தலைச் சபையிலே கிடையாது. ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள், மண்டி வியாபாரி ஒருவர், மருந்துக் கடைக்காரர் ஒருவர், நம்மைப் போன்ற உபாத்தியாயர்கள் இரண்டொருவர் ஆகப் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் பேசக்கூடியவர்கள். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிப் படியேறி வந்தாள். அவள் கையில் ஒரு பழைய உறை. அதன்மேல் 1½ அணாக் காந்தி தபால்தலை. 1948 ஆகஸ்டு மாதத்து முத்திரை, வட்டம் கெடாமல் விழுந்திருந்தது. ஸ்ரீரங்கம் உத்தர வீதி விலாசம், அவளுடைய கொள்ளுத் தாத்தாவின் கையெழுத்தில். "ஸார், இதை உறையிலிருந்து எப்படி எடுக்கிறது?" என்று கேட்டாள்.

வாசகர்கள் கவனிக்க வேண்டும்: கேள்வி ஒன்றே ஒன்று. அதற்குப் பதிலும் ஒரே வாக்கியந்தான்: "எடுக்காதே, அம்மா."

சாதாரணத் தபால்தலையானால் காகிதத்தோடு கத்தரித்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பசை இளகியதும் மெதுவாக நழுவவிட்டு, மை ஒற்றும் காகிதத்தின் நடுவில் உலர்த்தலாம். ஆனால் முத்திரையும் விலாசமும் துலக்கமாக உள்ள பழைய உறையை அப்படிச் செய்யலாகாது. தபால்தலை எங்கும் கிடைக்கும். இன்ன ஊரிலிருந்து இன்ன நாளில் இன்ன வீட்டுக்குப் போயிற்று என்ற சரித்திரம் முழு உறையில் மட்டுமே இருக்கிறது. சபையில் இது தெரியாதவர் ஒருவருமில்லை.

ஆனால் உறையைக் கண்டதும் நாம் சொன்னது வேறு. அந்தத் தபால்தலைகள் 1948 ஆகஸ்டு 15-ந் தேதி வெளியானவை. 1½ அணா, 3½ அணா, 12 அணா, 10 ரூபாய் என நான்கு. ஹிந்தியிலும் உருதுவிலும் 'பாபு' என்று பொறித்தவை. அவை அச்சானதோ ஸ்விட்ஸர்லாந்தில்! கதர் உடுத்திய மகானின் படத்தை அந்நிய நாட்டில் அச்சடிக்கலாமா என்று நாம் கேட்டுவைத்தோம். வகுப்பு நடத்தும் பழக்கம், இருபது நிமிஷம் சுதேசியம் பேசினோம். ஸ்விட்ஸர்லாந்து என்றதும் உத்தியோகஸ்தருக்குத் தம் கைக்கடியாரம் நினைவு வந்தது. கடியாரத்திலிருந்து அதைப் பழுது பார்க்கக் கேட்ட கூலி, கூலியிலிருந்து விலைவாசி, விலைவாசியிலிருந்து சின்ன வெங்காயம். வெங்காயத்துக்கு வந்த பிறகு காந்தி மார்க்கெட் பக்கத்து மனிதர்களைத் திருப்ப யாரால் முடியும்? அந்தப் பெண் எப்போது எழுந்து போனாள் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த மாதம் வந்தாள். தபால்தலையை ஒரு சிறு கண்ணாடிக் காகிதப் பையில் வைத்திருந்தாள். ஒரு பல் ஒடியாமல் சுத்தமாக எடுத்திருந்தாள். "உறை?" என்றோம். குப்பைக்குப் போய்விட்டதாம்.

சொல்லாமலே விட்டுவிடலாமா என்று முதலில் தோன்றியது. அது கோழைத்தனம் என்று பட்டதால் சொல்லிவிட்டோம். அவள் அழவில்லை. "அன்றைக்கே கேட்டேனே, ஸார்" என்றாள்.

நிற்க. வம்பே கூடாது என்பது நமது கட்சியல்ல. வாய் திறந்தால் அபராதம் என்று விதித்தால் சபைக்கு ஆள் வராது. 1939-ஆம் வருஷம் காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் நேரந் தவறாமைக்குப் பெயர் எடுத்தது. அதன் பட்டிமண்டபத்தில் வாதத்துக்குத் தலைப்பும் உண்டு, தீர்ப்புச் சொல்ல நடுவரும் உண்டு. அது பெரிய மேடை. பொழுதுபோக்குக்காகக் கூடும் பத்துப் பேருக்கு நடுவர் வைத்தால், யார் நடுவர் என்பதிலேயே அந்த மாலை கழிந்துவிடும். நமக்கு நெருங்கிய உறவு திருநெல்வேலியில் ரஸிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய வட்டத்தொட்டிதான். நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து கம்பன் பாட்டை அனுபவித்த இடம் அது. அங்கே பாட்டே நடுவர் ஸ்தானத்தில் இருந்தது என்பது நமது அபிப்பிராயம். நடுவில் ஒரு பொருள் இருந்துவிட்டால் பேச்சு எங்கே சுற்றினாலும் அதனிடம் திரும்பி வந்தாக வேண்டும்.

ஆகவே இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். யார் எதைக் கொண்டு வந்தாலும் அதை மேஜையின் நடுவில் வைப்பது. கொண்டு வந்தவர் தம் கேள்விக்கு விடை கிடைத்தது என்று தாமே அதைக் கையில் எடுக்கிற வரையில் மற்றப் பேச்சுக்கள் காத்திருப்பது. கடைசிக் கால் மணி நேரம் சுக்குக் காப்பியோடு எதையும் பேசலாம். நம் பாராளுமன்றத்தில், விதிப் புத்தகத்தில் இல்லாமலே 1960-களில் வழக்கத்துக்கு வந்ததே, 'பூஜ்ய நேரம்', நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயங்களைக் கிளப்புவதற்கு, அந்தப் பெயரையே அதற்கும் வைத்துவிட்டோம்.

போன கூட்டத்தில் அந்தப் பெண் வேறோர் உறை கொண்டுவந்து நடுவில் வைத்தாள். நாம் வாயைத் திறந்தோம், அவள் மேஜையைப் பார்த்தாள், மூடிக்கொண்டோம். மண்டிக்காரர் பாவம், சின்ன வெங்காயத்தின் அநியாய விலையைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் மனத்துக்குள் வைத்துக்கொண்டு தவித்தார். பூஜ்ய நேரம் வந்து அவர் ஆரம்பித்தபோது, அன்று மத்தியானமே விலை இறங்கிவிட்டதென்று மருந்துக் கடைக்காரர் தெரிவித்தார்.