நாம குடிக்கிற தண்ணிக்கு என்ன மொழி?



முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொண்டு விடுகிறேன். காவிரிச் செய்தி பேப்பரில் பெரிதாக வந்த ஒரு நாள், கேன்டீனில் எங்கள் செட் உட்கார்ந்திருந்தது. ஓசூர்ப் பையன் ஒருவன் டீயோடு வந்தான். வீட்டில் கன்னடம் பேசுகிறவன். "டேய், எப்போடா தண்ணி திறந்து விடுவே?" என்று கேட்டோம். அவனும் சிரித்தான். அதற்கப்புறம் ஒரு வாரம் எங்கள் மேஜைப் பக்கமே வரவில்லை. கேட்டவர்களில் நானும் ஒருத்தன். ஓசூர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை!

அன்று சாயங்காலம் காட்டுப்பாக்கத்தில் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தபோதுதான் யோசித்தேன். பக்கத்தில் இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரிக்கு மழைத் தண்ணீர் மட்டுமா வருகிறது? கிருஷ்ணா தண்ணீரும் வருகிறது. அது மகாராஷ்டிராவில் பிறந்து, கர்நாடகத்தைத் தாண்டி, ஆந்திராவில் ஸ்ரீசைலம் அணையிலிருந்து கால்வாயில் திரும்பி, கண்டலேறு வழியாக ஊத்துக்கோட்டை பக்கம் நம் எல்லைக்குள் நுழைந்து பூண்டிக்கு வருகிறது. 1976-ல் அந்த மூன்று மாநிலங்களும் சென்னையின் குடிநீருக்கென ஆளுக்கு 5 டி.எம்.சி. தர ஒப்புக்கொண்டன. (மெக்கானிக்கல் நண்பர்களுக்காக: ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. சிவில்காரர்கள் மன்னிக்கவும்!) அதாவது, நாங்கள் யாரைக் கிண்டல் செய்தோமோ, அந்தக் கர்நாடகத்தின் பங்கும் என் டம்ளரில் இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. ஆந்திராவுக்கும் நமக்கும் ஒரு காலத்தில் இந்தச் சென்னைக்காகவே பெரிய தகராறு. தனி ஆந்திரா கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் இதே சென்னையில்தான் உயிர்விட்டார். 1953-ல் ஆந்திரா பிரிந்தது. திருத்தணி 1960-ல்தான் நம்மோடு சேர்ந்தது. அப்படிப் பிரிந்த இரண்டு பேர், முப்பது வருஷம் கழித்து, 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதலமைச்சர்களாக இருந்தபோது, தெலுங்கு கங்கைக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 1996-ல் தண்ணீர் பூண்டிக்கு வந்தது. ஆவியாவது போக நமக்கு 12 டி.எம்.சி. பல வருஷம் அது முழுசாக வரவில்லை என்பதும் உண்மை. அதை மறைக்க வேண்டாம்.

காவிரிக் கதை நேர்மாறு. 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூனில் 205 டி.எம்.சி. விடச் சொல்லி இடைக்கால உத்தரவு வந்தது. கர்நாடக அரசு அதைச் செல்லாததாக்க ஓர் அவசரச் சட்டமே கொண்டுவந்தது! என் மாநிலத்தில் ஓடும் ஆறு, என் அதிகாரம் என்கிற வாதம். அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அந்த நவம்பரிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் டிசம்பரில் பெங்களூரில் அடிபட்டது யார்? ஆற்றைப் பார்த்தே இராத தமிழ்க் கூலிக்காரர்கள். நம் கேன்டீன் கேள்வியின் பெரிய வடிவம்தான் அது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

மொழி ஒன்றாக இருந்தால் மனசு ஒன்றாகிவிடும் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஆந்திராவும் தெலங்கானாவும் ஒரே மொழி. 2014-ல் பிரிந்து, இன்று கிருஷ்ணா தண்ணீருக்கே வழக்காடுகின்றன. பகை நாடுகளான இந்தியாவும் பாகிஸ்தானும் 1960-ல் போட்ட சிந்து நதி ஒப்பந்தமோ 1965, 1971 யுத்தங்களைத் தாண்டி நின்றது. 2025-ல்தான், பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, இந்தியா அதை நிறுத்தி வைத்தது. பாசத்தை விட, எத்தனை கன அடி, எந்த மாதம், யார் அளப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் அதிக நாள் தாங்குகிறது. அளக்கிற வேலைக்கு நாளைக்குப் போகப்போவது டிப்ளமா படித்த நம்மில் சிலர்தானே!

யூனியனுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த டூருக்கு எங்கெங்கோ போவதற்கு முன், ஒரு நாள் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட் போய் வருவோம். கால்வாய் எல்லை தாண்டும் இடத்தையும், தண்ணீரை அளக்கும் இடத்தையும் பார்க்கலாம். ஓசூர் நண்பனிடம் சொல்லிவிட்டேன். அவன் வருகிறானாம், பஸ்ஸில் ஜன்னல் சீட் கொடுத்தால்!