மூட்டையில் ஒரு முத்திரை, உள்ளே வேறு சரக்கு

கடைக்கு வருகிற உளுந்து மூட்டையை நாம் அப்படியே இறக்கி அடுக்கிவிடுவதில்லை. குத்தூசி போட்டு நாலு மணி எடுத்து, உள்ளங்கையில் வைத்து ஊதி, பல்லில் கடித்துப் பார்க்கிறோம். மிளகாயைக் காம்பு பார்த்து வாங்குகிறோம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பதும் சுழி பார்ப்பதும் நம் பக்கத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். இத்தனை சூட்சுமம் தெரிந்த நாம், பழைய கார் வாங்கும்போது மட்டும் மேலே அடித்த பெயிண்டையும் சீட்டு உறையையும் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறோம். அதிலும் வேறு வண்டியின் எஞ்சினை எடுத்துப் பொருத்திய கார் என்றால், "மலிவாகக் கிடைத்தது" என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்கிறோம். இதைப் பற்றி நம் வணிக நண்பர்களுடன் மனம்விட்டுப் பேச வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். ஏனெனில் நாமே அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள்.

2012ஆம் ஆண்டு. துறையூரிலிருந்து திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வாரம் மூன்று நடை போய்வர ஒரு கார் தேவைப்பட்டது. போகவர ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அப்போது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். தரகர் ஒருவர் 1985ஆம் வருடத்து வெள்ளை அம்பாசிடரைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினார். பிறப்பில் அது பெட்ரோல் வண்டி. உள்ளே இருந்ததோ மேட்டடார் வேனின் டீசல் எஞ்சின். "பெட்ரோல் வண்டி விலைக்கு டீசல் வண்டி முதலாளி. ஆர்.சி. புத்தகத்தில் எழுதுவதெல்லாம் பத்து நாள் வேலை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

நாமும் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டோம். வாரத்துக்கு 270 கிலோமீட்டர். பெட்ரோல் என்றால் 30 லிட்டர், அன்றைய விலையில் இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டும். டீசல் என்றால் 20 லிட்டர், தொள்ளாயிரத்துக்குள் முடிந்துவிடும். மாதம் நாலாயிரத்துக்கு மேல் மிச்சம்! கணக்கில் பிழை இல்லை. எழுத வேண்டிய இன்னொரு பத்தியை எழுதாமல் விட்டதுதான் பிழை.

அந்தப் பத்தி மெல்ல மெல்லத் தன்னைத் தானே எழுதிக்கொண்டது. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் கனமானது. பெட்ரோல் எஞ்சின் காற்றை எட்டில் ஒரு பங்காக அமுக்கினால், டீசல் எஞ்சின் இருபதில் ஒரு பங்காக அமுக்குகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க அதன் வார்ப்பு தடிப்பாக இருக்க வேண்டும், அதிர்வும் கூடுதல். அந்தப் பாரத்துக்கும் அதிர்வுக்கும் அந்த வண்டியின் முன்பக்கம் செய்யப்பட்டதல்ல. எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிழிந்தன. கிளட்ச் பிளேட் இரண்டு முறை போயிற்று. சித்திரை வெயிலில் புலிவலம் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்தது. முன்சக்கர டயர் ஓரம் தேய்ந்தது. மாதம் மிச்சமான நாலாயிரத்தில் பாதி பட்டறைக்குப் போயிற்று. அதுவரைகூடப் பரவாயில்லை, பாதி மிச்சம்தானே என்று இருந்தோம்.

2015இல் பதிவைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. 15 ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டியது அது. ஆய்வாளர் பானட்டைத் திறந்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி எஞ்சினைப் பார்த்தார். புத்தகத்தில் பெட்ரோல். எதிரே டீசல். எஞ்சின் எண்ணும் வேறு. "இந்த வண்டி இந்தப் புத்தகத்து வண்டி அல்லவே" என்றார். அவர் மீது நமக்கு வருத்தமே இல்லை. மூட்டையில் ஒரு முத்திரையும் உள்ளே வேறு சரக்குமாக வந்தால் நாம் என்ன சொல்வோமோ அதைத்தான் அவர் சொன்னார். "பத்து நாள் வேலை" என்ற தரகர் அப்போது ஊரிலேயே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அதன் பிறகுதான் விசாரித்தோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், வண்டியைச் செய்த கம்பெனி குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றில் உள்ளவை மாறிப்போகும்படி எதையும் மாற்றக் கூடாது என்று அது கூறுகிறது. அங்கீகாரம் பெற்ற சாதனத்தைப் பொருத்தி எரிவாயு போன்ற வேறு எரிபொருளுக்கு மாற்றுவதற்குத் தனி வழி உண்டு. நம் இஷ்டத்துக்கு வேறு கம்பெனி எஞ்சினை வைப்பதற்கு அது வழி அல்ல. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்து வழக்கு ஒன்றில் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்றும் சேர்த்திருக்கிறார்கள்.

எஞ்சின் மாற்றுவதே குற்றம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எஞ்சின் பழுதானால் அதே கம்பெனியின் அதே வகை எஞ்சினைப் பதிவு அதிகாரியின் அனுமதியோடு வைத்து, புதிய எண்ணைப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம். அப்படி ஏற்றிய வண்டியை வாங்க நாம் தயங்க வேண்டியதில்லை. கம்பெனிகளும் ஒரே வண்டிக்கு வேறு வேறு எஞ்சின் வைத்தவைதாம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1980 வாக்கில் அம்பாசிடரில் டீசல் எஞ்சின் வைத்தது. 1990களில் இசுசு 1800 சி.சி. பெட்ரோல் எஞ்சினை வைத்தபோது எஞ்சினை மட்டுமா மாற்றியது? ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தல்லவா கொடுத்தது! மகிந்திரா ஜீப்பில் பியூஜோ டீசல் எஞ்சின் வந்ததும் தொழிற்சாலையில் கணக்குப் போட்டுச் செய்த வேலை. எஞ்சினுக்குத் தக்க கியர், பிரேக், ஸ்பிரிங், ரேடியேட்டர் என்று எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பட்டறையில் வெல்டிங் வைத்து எஞ்சினை உட்காரவைக்கும் கைத்திறனை நாம் குறை சொல்லவில்லை. நம் பக்கத்து மெக்கானிக்குகளின் கை பொன்னான கைதான். ஆனால் கியர் விகிதத்துக்கும் பிரேக்குக்கும் யார் கணக்குப் போட்டது?

"நாற்பது வருட வண்டிக்கு இத்தனை சட்டமா? வசதியில்லாத வியாபாரி வேறு எங்கே போவான்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. அவர்களுக்கு இரண்டு பதில்கள். முதலாவது, மாற்று எஞ்சினுக்கு ஆசைப்பட்ட காரணமே இப்போது கரைந்துவிட்டது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் அன்றிருந்த இடைவெளி பிறகு வெகுவாகச் சுருங்கிவிட்டது. அம்பாசிடர் உற்பத்தியும் அதே 2014இல் நின்றது. இரண்டாவது, ஏழையால்தான் இந்த நஷ்டத்தைத் தாங்க முடியாது. விபத்து என்று வந்துவிட்டால் இன்சூரன்ஸ் பாலிசியில் எழுதியிருப்பது ஒரு வண்டி, ரோட்டில் ஓடியது வேறு வண்டி. சொந்தச் சேதத்துக்குக் கேட்கும் பணத்தை மறுக்க அது ஒன்றே காரணமாகிவிடும். மூன்று வருடம் நாம் உரசலில்லாமல் ஓட்டியது பெருமாள்மலையான் புண்ணியமே தவிர, நம் சாமர்த்தியம் அல்ல.

இனி, சொல்லக் கொஞ்சம் கூச்சமான விஷயம். புதுப்பிக்க முடியாமல் நின்ற அந்தக் காரை விற்க முனைந்தபோது, "வெளியூர்க்காரனாகப் பார்த்துத் தள்ளிவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்" என்று வேண்டியவர்களே யோசனை சொன்னார்கள். பச்சைமலை அடிவாரத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். சந்தை சந்தையாகப் போய்ப் பாத்திர வியாபாரம் செய்பவர். பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிள்ளை பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "எஞ்சின் நல்லா இருக்காண்ணே?" என்று கேட்டார். வாய்வரை பொய் வந்தது என்பதை மறைக்கவில்லை. அறுபதாயிரம் ரூபாய் முடங்கிக் கிடந்தது. கடைசியில், "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு தம்பி, புத்தகத்திலேதான் இல்லை" என்று நடந்ததைச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் நின்றார், பிள்ளையை இறக்கிக்கொண்டு போய்விட்டார். அசல் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைத் தேடி வைத்து வண்டியைச் சரிசெய்யலாமா என்று பார்த்தால், செலவு வண்டியின் விலையைத் தாண்டியது. ஆகவே பதிவை ரத்து செய்துவிட்டு இரும்புக்கடையில் எடைக்குப் போட்டோம். அந்தத் தம்பி இன்றும் நம் கடையில் சரக்கு எடுக்கிறார்.

பழைய கார் வாங்க நினைக்கும் நண்பர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தால் போதும்:

1. முன்பணம் கொடுக்கும் முன் பானட்டைத் திறந்து எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். எரிபொருள், சி.சி. இரண்டையும் பாருங்கள். எண் சுரண்டியிருந்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

2. எஞ்சின் மாற்றியது என்றால், அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். "பிறகு ஏற்றிக்கொள்ளலாம்" என்பது பதில் அல்ல. ஏற்ற முடியுமானால் விற்பவரே ஏற்றிக் கொடுக்கட்டும்.

3. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்து பாருங்கள். நம் மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள். தரகர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். பாரம் ஏற்றி மேட்டில் ஒரு நடை ஓட்டிப் பார்த்தால் கிளட்சும் கொதிப்பும் தெரிந்துவிடும்.

4. பதிவு எந்த ஆண்டு வரை, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் நிலுவை உண்டா என்பதை வண்டி எண்ணை வைத்துக் கைபேசியிலேயே அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

5. வாங்கியதும் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். விற்பவர்களும் விடக் கூடாது. புத்தகத்தில் யார் பெயரோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பல கை மாறிய வண்டியானாலும் கதை அதுவே.

6. பழைய வண்டி வியாபாரிகள் அரசிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். உறுப்பினர் ஒருவர் இன்னொருவருக்கு வண்டி விற்றால், எஞ்சின் எப்போது, எதிலிருந்து, யார் அனுமதியோடு மாற்றப்பட்டது என்பதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வழக்கத்தை நாமே ஏற்படுத்திக்கொள்ளலாம். இதற்குச் சட்டம் வேண்டாம், சந்தா வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்தில் பேசி ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

பொட்டலத்தின் மேல் எழுதியது உள்ளே இல்லாவிட்டால் நம் மீது வழக்குப் போடுகிறார்கள். போடட்டும், அது நியாயமே. அந்த நியாயத்தைக் கடை வாசலில் நிற்கும் காருக்கும் நாமே பொருத்திக்கொள்வோம். எழுதியதும் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு மேல் வியாபாரத்தில் வேறு என்ன தர்மம் இருக்கிறது?